அத்தியாயம் 6: பயனியர் - பேராவின் காட்டு ஓடுபாதைகளுக்கு வந்த விமானம்

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் கட்டத் தொடங்கும் நம் இளைஞர்கள் முதலில் கேட்பது ஸ்பிட்ஃபயர் அல்லது மஸ்டாங். பெட்டியில் துண்டுகளாக வெட்டியே கிடைக்கும், கட்டுவதும் எளிது. அவற்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேராவில் வளர்ந்த ஒருவருக்கு இன்னும் பொருத்தமான விமானம் ஒன்று உண்டு. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். அதன் பெயர் ஸ்காட்டிஷ் ஏவியேஷன் பயனியர்.

அழகான விமானம் என்று யாரும் அதைச் சொன்னதில்லை. உயரத்தில் நீண்ட இறக்கை, அதைத் தாங்கும் சாய்வுக் கம்புகள், நெட்டைக் கால்கள், மூக்கில் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ஆல்விஸ் லியோனைட்ஸ் என்ஜின். அந்த என்ஜினின் திறன் 520 குதிரைசக்தி. விமானி போக நான்கு பேர் ஏறலாம். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் மொத்தம் 59 விமானங்களே கட்டினார்கள்.

பேராவுக்கும் இதற்கும் என்ன உறவு? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் அதிலிருந்து தொடங்கி 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்த இடங்களில் அரசு கோட்டைகள் அமைத்தது. பேராவில் கெமார், லெகாப் போன்றவை அப்படி வந்தவை. நடந்து போனால் நாள்கணக்கில் ஆகும். பெரிய விமானம் அங்கே இறங்க வழியில்லை. மலைகளுக்கு நடுவில் வெட்டிய சின்னஞ்சிறு ஓடுபாதைகளுக்குப் பொருந்தியது பயனியர்தான். பிரிட்டிஷ் விமானப்படையின் 267ஆம் ஸ்குவாட்ரன் 1954இல் கோலாலம்பூரிலிருந்து இதைப் பறக்கவிடத் தொடங்கியது. 1958 நவம்பரில் அதே படைப்பிரிவு 209 என்று எண் மாறியது. பின்னர் நம் நாட்டு விமானப்படையும் இதை வைத்திருந்தது, இலங்கை விமானப்படையும் வைத்திருந்தது. 1958 ஏப்ரல் 17 அன்று நம் விமானப்படையின் முதல் விமானமாக வந்து சேர்ந்தது இதன் தம்பியான இரட்டை என்ஜின் டுவின் பயனியர். அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயரிட்டார்.

தோட்டத்து மக்களுக்கு அந்தக் காலம் முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி எல்லாம் சேர்ந்தது. அதனால் இதைப் போர் வீரப் பொம்மையாகக் கட்ட வேண்டாம். சரக்கையும் ஆட்களையும் நோயாளிகளையும் சுமந்த விமானமாகவே கட்டுங்கள். அதன் பொறியியல் நம் மதிப்புக்குரியது. அதை நாம் கையால் கட்டிப் பார்ப்பதற்குக் காரணமும் அந்தப் பொறியியல்தான்.

ஒரு எச்சரிக்கை. உயர் இறக்கைப் பயிற்சி விமானம் ஒன்றையாவது கட்டி, ஓர் ஆண்டு பறக்கவிட்டுக் கை பழகியவர்களுக்கே இது. முதல் விமானமாக இதை எடுக்காதீர்கள்.

அளவு

உண்மை விமானத்தின் இறக்கை நீளம் 15.16 மீட்டர், உடல் நீளம் 10.47 மீட்டர், இறக்கைப் பரப்பு 36.2 சதுர மீட்டர். இதில் எட்டில் ஒரு பங்கு அளவை நான் பரிந்துரைக்கிறேன். இறக்கை 190 சென்டிமீட்டர் வரும், உடல் 131. பரப்பு 56 சதுர டெசிமீட்டருக்குச் சற்று மேல். இறக்கையை நடுவில் பிரிக்கும்படி செய்தால் ஒவ்வொரு பாதியும் 95 சென்டிமீட்டர்தான். பின் இருக்கையை மடக்கினால் மைவி காரில் அடங்கிவிடும். ஆறில் ஒரு பங்கு கம்பீரமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பாதி இறக்கையே 126 சென்டிமீட்டர் ஆகி, வேன் இல்லாமல் நகர்த்த முடியாது. வீட்டிலிருந்து திடலுக்குக் கொண்டு போக முடியாத விமானம் அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும்.

எடை மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. இந்த அத்தியாயத்தில் மனத்தில் நிறுத்த வேண்டிய எண் இது ஒன்றே. இறக்கை 750 கிராம், உடல் 700, வால் 130, கால்களும் சக்கரங்களும் 250, மோட்டாரும் வேகக் கட்டுப்படுத்தியும் உந்தியும் 420, பேட்டரி 420, சர்வோக்களும் ரிசீவரும் 200, மேலுறையும் வண்ணமும் 130. ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் சமையல் தராசில் வைத்து, வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி வாருங்கள். வால் 130இலிருந்து 180க்குப் போனால் நஷ்டம் 50 கிராமோடு நிற்காது. அதை ஈடுகட்ட மூக்கில் நூறு கிராமுக்கு மேல் ஈயம் சேர்க்க வேண்டிவரும்.

வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சிடும்போது கடைக்காரரிடம் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைச் சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். காகிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அளந்து பாருங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இயந்திரம் தானாகச் சுருக்கியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

மரம்

பால்சா வேண்டும். அதற்கு மாற்று இல்லை. கன மீட்டருக்கு 100 முதல் 130 கிலோ வரும் இலேசான பலகைகளாகத் தேர்ந்தெடுத்து இறக்கைக்கும் வாலுக்கும் வையுங்கள். கனமானவை உடலின் முன்பகுதிக்கு. நம் ஊர் ரப்பர் கட்டை பால்சாவைப் போல நான்கைந்து மடங்கு கனம். விமானத்தில் ஒரு துண்டுகூட வேண்டாம். ஆனால் கட்டும் மேசைக்கு அதைவிட நல்ல பலகை கிடைப்பது அரிது. ஈப்போவின் தளவாடக் கடைகளில் ரப்பர் கட்டைப் பலகை எளிதாகக் கிடைக்கும். இரண்டு மீட்டருக்கு நேரான பலகை ஒன்று வாங்கி, நான்கு மூலையும் மட்டம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை முறுக்கிக்கொண்டால் பெரும்பாலும் காரணம் மேசைதான்.

ஜெலுத்தோங் கட்டையும் நமக்குப் பயன்படும். சீராகச் செதுக்க வரும் மரம் அது, வார்ப்பு மாதிரிகள் செய்கிறவர்கள் நெடுங்காலமாக விரும்புவது. என்ஜின் மூடிக்கு அச்சு செதுக்க அதை எடுங்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியையும் எப்பாக்ஸியையும் போட்டு மூடியை வார்க்கலாம். பசையோடு இணைக்கும் சிறு ஆணிகளுக்குச் சாத்தே குச்சி போதும். மூங்கில், ஒரே தடிமன், விலையும் மலிவு.

லியோனைட்ஸின் ஒன்பது சிலிண்டர்களை வார்க்கும்போது நம் மண்ணின் பொருளே கைகொடுக்கும். ஒரே ஒரு சிலிண்டரை வரிவரியாகச் செதுக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் ரப்பர் பாலைத் தூரிகையால் மெல்லப் பூசி, காய்ந்ததும் அடுத்த பூச்சு. இப்படி எட்டு, பத்து பூச்சு ஆனதும் உரித்தால் அச்சு தயார். மங்கிலிருந்து எடுத்த பச்சைப் பால் இதற்கு ஆகாது. சில மணி நேரத்தில் உறைந்துவிடும், காய்ந்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே வல்கனைஸ் செய்த லாட்டெக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அந்த அச்சில் இலேசான பாலியூரித்தேன் நுரையை ஊற்றி ஒன்பது முறை வார்த்தால் போதும். தாத்தா பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஈப்போவின் ஈரக்காற்றில் பால்சா உப்பும், முறுக்கும். பலகைகளை மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கட்டி முடித்த இறக்கையின் உள்மரத்துக்கும் ஒரு மெல்லிய சீலர் பூச்சு தேவை. மேலுறை ஃபிலிம் வெள்ளி நிறமாக இருக்கட்டும். கரும்பச்சை, கருநீலம் வெயிலில் சூடேறி, உள்ளே பசையையே இளக்கிவிடும்.

இறக்கையின் ரகசியம்

பயனியர் சுமார் 69 மீட்டர் ஓடி மேலேறும், சுமார் 60 மீட்டரில் இறங்கி நிற்கும். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில்கூடக் காற்றில் நிற்கும். இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு இது வியப்பான மெதுவேகம். காரணம் இறக்கையின் முன்விளிம்பு முழுக்கச் செல்லும் தட்டும், பின்விளிம்பில் பின்னோக்கி நழுவிக் கீழிறங்கும் அகலமான ஃபிளாப்பும்.

மாதிரி கட்டுகிறவர்கள் பலர் இந்த முன்தட்டைக் கோடு போட்டு வரைந்துவிட்டு விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்பது அவர்கள் வாதம். என் முடிவு நேர் எதிர். தட்டு வேலை செய்யாத பயனியர், பயனியர் அல்ல. காக்பிட்டில் நுண்வேலை குறைந்தாலும் பரவாயில்லை, ஆணித் தலைகளை விட்டாலும் பரவாயில்லை, இறக்கை மட்டும் உண்மையானபடி இயங்க வேண்டும்.

இறக்கை மூக்கை அதிகம் தூக்கினால் மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். தூக்கும் விசை திடீரென்று போய்விடும். முன்தட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகக் கீழிருந்து காற்று விரைந்து வந்து மேற்பரப்பில் ஓடினால், பிரியப்போகும் காற்றுக்கு வலுக் கிடைக்கிறது. சாதாரண இறக்கை 15 பாகை அளவில் விட்டுவிடும் இடத்தில் தட்டுள்ள இறக்கை 20 பாகை தாண்டியும் தாங்கும். இதற்கு இடுக்கு மேலே போகப்போகக் குறுக வேண்டும். கீழ்வாய் அகலம், மேல்வாய் அதில் பாதி.

நம் அளவில் இறக்கையின் சராசரி அகலம் 30 சென்டிமீட்டர். தட்டின் அகலம் 4 சென்டிமீட்டர், மேல்வாய் இடைவெளி 5 முதல் 6 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் பால்சா இரண்டை நனைத்து, பசை தடவி, இரண்டு அங்குல பிவிசி குழாயின் மேல் கட்டி ஓர் இரவு காயவையுங்கள். காலையில் வளைவு நிலைத்திருக்கும். அதன் மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணி. பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய ப்ளைவுட் தாங்கிகளை இறக்கையின் விலாக்களிலேயே பதித்துத் தட்டைப் பொருத்துங்கள்.

முதல் இறக்கையில் தட்டு நிலையாக, திறந்தபடியே இருக்கட்டும். உள்ளே வெளியே நகரும் ஏற்பாடு அடுத்த இறக்கைக்கு. திறந்த தட்டு கொஞ்சம் வேகத்தைத் தின்னும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தட்டு இறக்கை நுனிவரை போக வேண்டும். நடுவில் மட்டும் வைத்து நுனியை விட்டுவிட்டால், மெதுவேகத்தில் நுனி முதலில் விழும். விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு தரையில் மோதும். நுனியில் இரண்டு பாகை கீழ்முறுக்கும் கொடுத்துவிடுங்கள்.

முழு இறக்கையில் இறங்குவதற்கு முன் நாற்பது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சோதனைத் துண்டு செய்யுங்கள். மேற்பரப்பில் சிறு கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டுங்கள். வேறொருவர் காரை ஓட்ட, ஆளில்லாத தோட்டப் பாதையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னலுக்கு வெளியே பிடித்து, மூக்கை மெல்லத் தூக்கிப் பாருங்கள். நூல்கள் பின்னோக்கி அமைதியாகப் படிந்திருக்கும்வரை இடுக்கு சரி. துடித்து முன்னோக்கித் திரும்பினால் இடைவெளியை மாற்ற வேண்டும். எந்தப் புத்தகமும் தராத அறிவை இந்த நூல்கள் தரும்.

ஃபிளாப்புக்கு உண்மை விமானத்தின் தண்டவாள ஏற்பாடு வேண்டாம். கீலின் அச்சை இறக்கையின் அடிப்பரப்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே வைத்தால், இறங்கும்போதே ஃபிளாப் பின்னுக்கும் நகரும். ஏறக்குறைய அதே வேலை நடந்துவிடும். 10, 20, 40 பாகை என்று மூன்று நிலைகள். சர்வோ இரண்டு மூன்று வினாடி எடுத்து மெதுவாக நகரும்படி ரேடியோவில் அமையுங்கள். ஃபிளாப் இறங்கும்போது மூக்கு எழும். அதற்கு ஈடாக எலிவேட்டரைக் கீழே கலக்கும் அமைப்பும் வேண்டும்.

சாய்வுக் கம்புகள் அலங்காரம் அல்ல. கார்பன் குழாயில் செய்து, உடலிலும் இறக்கையிலும் போல்ட் போட்டுப் பூட்டினால் இறக்கையின் ஸ்பாரை இலேசாக வைக்கலாம். கால்களின் உயரத்தைக் குறைக்கவும் கூடாது. மூக்கைத் தூக்கிய நிலையில் தரையைத் தொடத்தான் அந்த நெட்டைக் கால்கள். நான்கு மில்லிமீட்டர் எஃகுக் கம்பி போதும்.

மோட்டாரும் எடை மையமும்

ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் சுமார் 550 சுற்று தரும் மோட்டார், நான்கு செல் 4000 மில்லியாம்ப்-மணி பேட்டரி, 14க்கு 7 உந்தி, 60 ஆம்ப் வேகக் கட்டுப்படுத்தி. ஐந்நூறு வாட் அளவில் கிடைக்கும், இந்த எடைக்குப் போதும். பேட்டரியை மதிய வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் அது.

எடை மையத்தை முன்விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டரில் வைத்துத் தொடங்குங்கள். அளக்கும்போது தட்டைச் சேர்க்காமல், இறக்கையின் சொந்த விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

திடலும் அனுமதியும்

மலேசியச் சட்டப்படி ஆளில்லா விமானம் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போக அனுமதி வேண்டும். விமான நிலையங்களின் சுற்று வட்டத்துக்கும் அப்படியே. ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே நகரத் திடல்களை மறந்துவிடுங்கள். எந்த இடத்தைத் தேர்ந்தாலும் முதலில் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்து, தேவையான அனுமதியை வாங்கிவிட்டுப் பறக்கவிடுங்கள்.

பழைய தோட்டங்களின் திடல்கள் நல்ல இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னும் பல இடங்களில் பந்து விளையாடிய திடல் மிஞ்சியிருக்கிறது. அதற்குச் சொந்தக்காரர் உண்டு. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். முதிர்ந்த செம்பனை பதினைந்து மீட்டர் தாண்டி நிற்கும், அதன் மட்டையில் சிக்கிய விமானத்தை எடுப்பது ஆபத்தான வேலை. ஆகவே குறைந்தது இருபுறமும் எண்பது மீட்டர் திறந்த வெளி வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்பக்கம் காற்று சுழலும். குன்றின் நிழலில் பறக்கவிடாதீர்கள். காலை ஏழரைக்குப் பனி விலகியதிலிருந்து ஒன்பதரை வரை காற்று அடங்கியிருக்கும். மதியத்துக்கு மேல் இடிமழைக்குத் தயாராகும் வானத்தில் இந்த விமானத்துக்கு வேலையில்லை.

பறத்தல்

முதல் பறப்பில் ஃபிளாப்பைத் தொடாதீர்கள். நேராக மேலேறி, அறுபது மீட்டர் உயரத்தில் அகலமான வட்டங்கள் போட்டு, விமானத்தின் கை கால் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட இறக்கை எய்லரானுக்கு மட்டும் கேட்டுத் திரும்பாது. மூக்கு எதிர்ப்பக்கம் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் ரடரைச் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்த பறப்பில், அதே உயரத்தில் 20 பாகை, பிறகு 40. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து எங்கே இறக்கை விடுகிறது என்று பாருங்கள். மூன்று கிலோவில் கட்டியிருந்தால், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரை ஒட்டி அது காற்றில் நிற்கும். எதிர்க்காற்று கொஞ்சம் இருந்தால், ஓடும் ஆளின் வேகத்தில்தான் திடலின் மேல் நகரும்.

இறக்கம் பயனியருக்குத் தனிக் கலை. மோட்டாரை நிறுத்திவிட்டு மிதக்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முழு ஃபிளாப்பில் இழுவிசை மிக அதிகம், சக்தியைக் குறைத்த கணமே கீழே விழும். மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு, உயரத்தை மோட்டாரால் கூட்டிக் குறைத்து, சக்கரங்கள் புல்லைத் தொட்ட பிறகே சக்தியை முழுவதும் எடுங்கள். காட்டுக் கோட்டைகளில் விமானிகளும் சக்தியை விடாமல்தான் இறங்கினார்கள். பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நின்றுவிடும். பக்கக்காற்று அடித்தால் அன்றைக்கு 20 பாகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில பறப்புகளுக்கு ஒருமுறை தட்டுத் தாங்கிகளை விரலால் அசைத்துப் பாருங்கள். ஒன்று தளர்ந்தாலும் அன்று பறக்க வேண்டாம்.

வண்ணத்துக்கும் எழுத்துக்கும் ஒரே ஒரு உண்மைப் புகைப்படத்தைத் தேர்ந்து, அதை மட்டும் பின்பற்றுங்கள். இரண்டு மூன்று படங்களைக் கலந்தால் உலகில் இல்லாத விமானம் ஒன்று உருவாகும். அவசரகாலத்தைக் கண்ட பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். பழைய தோட்ட வீடுகளின் ஆல்பங்களில் திடல், ஓடுபாதை, விமானம் என்று ஏதாவது படம் இருந்தால் உடனே நகலெடுத்து வையுங்கள். கட்டி முடித்ததும் திருத்திய வரைபடத்தையும் எடைக் கணக்கையும் அடுத்து கட்ட விரும்புகிறவருக்குக் கொடுங்கள்.